நான் கூட்டிக் கட்டிய மோட்டார்கள்

கலா, சேகர், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருவர் படித்துவிட்டு மற்றவருக்கு வாயால் சொல்ல வேண்டாம். சொல்லும்போது நீங்கள் இரண்டு பேருமே அப்பாவைக் கொஞ்சம் நல்லவனாக்கிவிடுவீர்கள்.

சேகர், நீ மந்தைவெளிக் கடையில் என் நாற்காலியில் உட்கார்ந்து ஆறு மாதம் ஆகிறது. கலா, நீ ஊர் ஊராகப் போய் பம்புசெட்டுகளில் மீட்டர் மாட்டி, நெல்லுக்கு எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளந்துகொண்டு வருகிறாய். போன வாரம் சாப்பிடும்போது நீ ஒன்று கேட்டாய். "தகட்டுல அஞ்சு எச்.பி.ன்னு போட்டிருக்கு. இழுக்கிறது என்னவோ எட்டு எச்.பி. கரண்ட்டு. எந்தப் புண்ணியவான்பா இதையெல்லாம் கட்டினான்?" நான் ரசம் ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் புண்ணியவான்களில் நானும் ஒருத்தன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். எழுதுவதில் முன்னே பின்னே இருக்கும். வேலையைப் பற்றிச் சொல்வதில் இருக்காது.

மோட்டார் எரிந்தால் உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கட்ட வேண்டும். எத்தனை சுற்று, எந்தத் தடிமன் என்பதெல்லாம் கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வைத்தது. அதில் சுற்றைக் குறைத்து, கம்பியைத் தடிமனாகப் போட்டால், அஞ்சு எச்.பி. மோட்டார் ஏழரை மாதிரி இழுக்கும். தகடு மட்டும் பழையபடி அஞ்சு என்றே சொல்லும். இதற்கு எங்கள் கடையில் 'கூட்டிக் கட்டுவது' என்று பெயர்.

இது எங்கே கற்றுக்கொண்டது என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லித் தரவில்லை. விவசாயிகள் கேட்டார்கள், நான் இரண்டு மோட்டாரைக் கெடுத்து மூன்றாவதில் பிடித்துக்கொண்டேன். தொண்ணூறுகளில் கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கமெல்லாம் நெல் வயல். எரிந்த மோட்டாரை பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்து அடையாறில் இறக்கி, அங்கிருந்து மீன்பாடி வண்டியில் ஏற்றி மந்தைவெளி வரைக்கும் கொண்டுவருவார்கள். வழியில் நாலு கடை இருக்கும். அதைத் தாண்டித்தான் என்னிடம் வருவார்கள். "உன் கை பட்டா யானை மாரி இழுக்குது நைனா" என்று சொல்வார்கள். எனக்குத் தலை கால் புரியாது. விவசாயத்துக்கு மீட்டர் கிடையாது, கரண்டுக்குக் காசு கிடையாது. அஞ்சு எச்.பி.க்குத்தான் அனுமதி. கூடுதல் கேட்டு எழுதிப் போட்டால் எப்போது கிடைக்குமோ தெரியாது. என்னிடம் கொடுத்தால் மூன்றே நாள். நான் பெரிய சேவை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யார் மோட்டாரைக் கூட்டிக் கட்டினோம் என்பதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டோம். எங்கள் நோட்டில் ஊர், பேர் எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறி போடுவேன். எனக்கும் அப்போதைய கடை முதலாளிக்கும் மட்டும்தான் அது தெரியும். டாக்டர் மாதிரி ரகசியம் காக்கிறோம் என்று அதிலும் ஒரு பெருமை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

திருப்போரூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கிருந்து தனபாக்கியம் என்று ஒரு அம்மா வருவார். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். இரண்டு வயல், ஒரு கிணறு, ஒரு மோட்டார், எல்லாம் அந்த அம்மா பொறுப்பு. கூட்டிக் கட்டச் சொல்லிக் கேட்டதே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்த வருஷம் தை மாசம் நட்ட நவரைப் பட்டத்தில் அவர் மோட்டார் இரண்டு தடவை எரிந்து வந்தது. இரண்டு தடவையும் நான் ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தேன். ஏன் எரிகிறது என்று கேட்டதற்கு, "உங்க ஊர்ல லோ வோல்டேஜ்க்கா. வோல்டேஜ் கம்மியானா மோட்டார் சூடாயி எரிஞ்சிடும். கரண்ட் ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க" என்று கைகாட்டிவிட்டேன். பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பங்குனி வெயிலில் ஒரு காலை மூன்றாவது தடவையாக வந்தார். முதலாளி ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தார். கடை என் கையில். ஸ்டூலில் இன்னொரு ஆளும் காத்திருந்தார். அபிராமபுரத்தில் ஒரு ஃப்ளாட்டில் மூணாவது மாடியில் இருக்கிற மாமா. பேர் கடைசி வரை தெரியாது. அவர்கள் கட்டடத்து மோட்டாருக்கு பேரிங் மாற்றக் கொடுத்திருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "ஆத்துல சொட்டு ஜலம் இல்லப்பா" என்பார்.

தனபாக்கியம் மோட்டாரை இறக்கிவிட்டு நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"மேஸ்திரி, கதிருல இப்பத்தான் பாலு பிடிக்குது. கீழ் வயலு வெடிச்சிக்கினு கீது. இன்னும் அஞ்சாறு நாளு தண்ணி இல்லேன்னா அத்தினியும் பதருதான். இன்னிக்கு நான் இங்கருந்து போறதா இல்ல. நீ கட்டி முடிக்கிற வரிக்கும் இங்கியே குந்தியிருக்கேன்."

"மூணு நாளாவும்க்கா. சுத்துன கம்பில வார்னிஷ் காயணும்."

"மூணு நாளும் குந்தியிருக்கேன்."

உள்ளே வார்னிஷ் காய வைக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அரை மணி நேரம் போயிருக்கும். ஒரு குட்டி டெம்போ வந்து நின்றது. அதே ஊர்ச் சுந்தரம். இரண்டு கிணறு, இரண்டு மோட்டார் வைத்திருக்கிறவர், கடைக்கு நல்ல வாடிக்கை. ஒரு மோட்டார் எரிந்துவிட்டது என்று கொண்டுவந்திருந்தார். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கவில்லை. வாசலிலிருந்தே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

"இன்னா நைனா, போன தபா அஞ்சுல ஏழரை குடுத்தே. ஒரு வருஷம் ராஜா மாரி ஓடுச்சு. இப்ப அதுவும் பத்தல. லைன்ல இழுவையே இல்ல. இந்த தபா பத்தா ஆக்கிடு."

நான் கண்ணைக் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை. "இன்னா கண்ணுல தூசியா?" என்றார்.

தனபாக்கியம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அஞ்சுல ஏழரைன்னா இன்னா?"

மூணாவது மாடி மாமா பேப்பரை மடித்துவிட்டார்.

"மேஸ்திரி, உன்னத்தான் கேக்கறேன். அஞ்சுல ஏழரைன்னா இன்னா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் எனக்கு ஒரு வழி இருந்தது. 'அது சும்மா ஒரு பேச்சுதான்க்கா, ஒண்ணுமில்லை' என்று சொல்லியிருக்கலாம். படிக்காத பொம்பளை, நம்பியிருப்பார் என்று நினைக்காதீர்கள். நம்பியிருக்க மாட்டார். ஆனால் மேலே கேட்கவும் முடிந்திருக்காது. நம் தொழிலில் எதிரே நிற்கிறவரின் வாயை அடைக்க எப்போதும் ஒரு வார்த்தை கையில் இருக்கும். அதை எடுக்கிறோமா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் சொன்னேன். சுற்றைக் குறைப்பது, தடிமனைக் கூட்டுவது, அப்படிக் கட்டினால் மோட்டார் எவ்வளவு குடிக்கும், ஒரே டிரான்ஸ்பார்மரில் ஒருத்தர் அதிகமாக இழுத்தால் லைன் கடைசியில் இருக்கிறவருக்கு வோல்டேஜ் எப்படிப் படுத்துவிடும், எல்லாம் சொன்னேன். அவர் கிணறு லைன் கடைசி.

தனபாக்கியம் சுந்தரத்தைப் பார்த்தார். "அப்போ என் கரண்ட்ட நீதான் குடிச்சிக்கினு இருந்தியா?"

"யம்மா, கரண்ட்டு இன்னா உன் வூட்டுக் கொல்லையில காய்க்குதா? கெவுருமெண்டு கரண்ட்டு. எல்லாருக்கும் பொது."

"பொதுன்னா என் மோட்டாரு மட்டும் ஏன்யா மூணு தபா எரியுது?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"சரி. எனக்கும் ஏழரை கட்டு."

நான் டெம்போவில் இருந்த மோட்டாரைப் பார்த்தேன்.

"இன்னா பாக்குறே? அவருக்குக் கட்டுன கை எனக்குக் கட்டாதா?"

என் வேலைக் காலத்தில் இதைவிடக் கஷ்டமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. நியாயமாகப் பார்த்தால் கட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டு, ஏமாந்தவருக்கு மட்டும் நீதி பேசுவதா? கட்டியிருந்தால் அந்த அம்மா சந்தோஷமாகப் போயிருப்பார். ஒரு வாரம் தண்ணீர் இறைத்தும் இருப்பார்.

நான் போய் நோட்டை எடுத்துவந்தேன். அந்த ஊர்ப் பக்கத்தைத் திறந்து கூட்டல் குறிகளை எண்ணினேன். அதுவரை ஒரு நாளும் எண்ணியதில்லை. ஒவ்வொன்றாகத்தானே வந்தார்கள், ஒவ்வொன்றாகத்தானே கட்டினேன்.

"சுந்தரண்ணே, உங்க டிரான்ஸ்பார்மர்ல மொத்தம் எத்தனை மோட்டாரு?"

"ஒம்போது."

"அதுல ஆறு நான் கூட்டிக் கட்டினது."

"ஆறா? என்னுது ரெண்டு. மீதி யாரு?"

கடை வழக்கம் என்ன என்று மேலே சொன்னேன். அதை அன்றைக்கு உடைத்தேன். பேரைப் படித்தேன். மூன்றாவது பேர் வந்ததும் சுந்தரம், டெம்போ டிரைவர் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார்.

"கோவிந்தனா? அந்தக் கோவிந்தனா? என் மோட்டாரு நல்லா இழுக்குதுன்னு வந்து வந்து பாத்துட்டு, 'எனக்கெல்லாம் அஞ்சு போதும்பா, பேராச கூடாது'ன்னு எங்கிட்ட வேதாந்தம் பேசுனானே!"

"அவர் உங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே கட்டிட்டாரு" என்றேன்.

தனபாக்கியத்துக்கு அந்த ஆத்திரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நடந்தது அவ்வளவுதான். ஒவ்வொருவரும் தான் ஒருத்தன்தான் கெட்டிக்காரன் என்று நினைத்து வந்தார்கள். நான் ரகசியம் காத்ததால்தான் அப்படி நினைக்க முடிந்தது. ஒருவர் கூட்டினார், பக்கத்துக்காரருக்கு வோல்டேஜ் விழுந்தது, அவரும் வந்து கூட்டினார். நெல்லுக்குப் போக வேண்டிய கரண்ட் லைனிலும் கம்பியிலும் சூடாகிப் போய்க்கொண்டிருந்தது. இந்த நோய் ஊரில் இல்லை, என் நோட்டில் இருந்தது.

இப்போது எனக்குத் தைரியம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்ன பிறகு வருகிற தைரியம் வேறு மாதிரி இருக்கும், உங்களுக்கும் ஒரு நாள் தெரியும்.

"அக்கா, உங்களுக்கு ஏழரை கட்ட மாட்டேன். அண்ணே, உங்களுக்குப் பத்தும் கட்ட மாட்டேன், ஏழரையும் கட்ட மாட்டேன். தகட்டுல இருக்கிறதுதான் இனிமே."

"நீ கட்டலேன்னா தேனாம்பேட்டையில கட்டுவான்" என்றார் சுந்தரம்.

"கட்டுவான். கட்டி எடுத்துட்டுப் போங்க. அப்புறம் கோவிந்தன் பத்து கட்டுவாரு. ஒரு நாள் மத்தியானம் டிரான்ஸ்பார்மர் வெடிக்கும். மாத்த எத்தனை நாள் ஆவும்?"

அவர் யோசித்தார். "போன தபா பக்கத்து ஊர்ல போனப்போ இருவது நாளாச்சு."

"உங்க பயிர் என்ன பருவம்?"

சுந்தரம் வயலிலும் பால் பிடிக்கிற கதிர்தான். தனபாக்கியம் பதில் சொன்னார். "அவருக்கும் எனக்கும் ஒரே நாளுதான் நடவு."

சுந்தரம் டெம்போவின் பின்கதவில் சாய்ந்துகொண்டார். "அப்போ இன்னா பண்ணச் சொல்றே? மோட்டார நிறுத்திட்டு வானத்தப் பாத்துக்கினு இருக்கவா?"

மறுப்பது வரைக்கும்தான் யோசித்து வைத்திருந்தேன். அப்போதுதான் ஸ்டூலில் இருந்த மாமா தொண்டையைக் கனைத்தார்.

"நான் குறுக்க பேசறேன்னு நெனச்சுக்காதீங்கோ. எங்க ஃப்ளாட்லயும் இதே கூத்துதான். கார்ப்பரேஷன் ஜலம் வர்ற பைப்புல கீழாத்துக்காரர் திருட்டுத்தனமா மோட்டார் வெச்சு உறிஞ்சிண்டிருந்தார். மேல எங்களுக்குக் காத்துதான் வரும். உடனே நாங்களும் ஒண்ணு வெச்சோம். அப்புறம் எல்லாரும் வெச்சோம். கடைசில ஆறு மோட்டாரும் காத்தை உறிஞ்சிண்டிருந்தது."

"அப்புறம் இன்னா பண்ணீங்க சாமி?" என்று கேட்டார் தனபாக்கியம்.

"என்ன பண்றது? மாடிப்படில டைம்டேபிள் எழுதி ஒட்டினோம். யாருக்கு எப்போன்னு. மொத வாரம் அடிதடி. ரெண்டாவது வாரம் எல்லார் ஆத்துலயும் ஜலம்."

"உங்க ஆத்துல இப்போ சொட்டு தண்ணி இல்லேன்னு காலையிலேர்ந்து சொல்றீங்களே சார்" என்றேன்.

"அது டைம்டேபிளால இல்லப்பா, உன்னால. பேரிங்கைப் போடு."

நான் உடனே சுந்தரத்தைக் கேட்டேன். "இப்ப மோட்டார் ஓடற மூணு பேஸ் கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கு?"

"காலையில ஆறு மணி நேரம்."

"அந்த ஆறு மணி நேரத்துல ஸ்டார்ட்டர் எத்தனை தபா விழுந்து மோட்டார் நிக்குது?"

"கணக்கே இல்ல. பட்டன அமுக்கி அமுக்கி வெரலு தேஞ்சு போச்சு."

"ஒம்போது மோட்டாரை மூணு மூணா பிரிச்சிக்குங்க. ரெண்டு ரெண்டு மணி நேரம். விழாம ஓடும்."

சுந்தரம் விரல்களை மூன்று மூன்றாக மடித்து எண்ணினார். பிறகு, "கோவிந்தன் ஒத்துக்க மாட்டான்" என்றார். உடனே அவரே, "ஒத்துக்குவான். நோட்டுல பேரு கீதுன்னா ஒத்துக்குவான்" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சந்தோஷம்.

"அதெல்லாம் நீங்க ஊர்ல பேசிக்குங்க" என்றார் தனபாக்கியம். "என் மோட்டாரு வர மூணு நாளு. அதுவரிக்கும் என் கதிரு இன்னாத்தக் குடிக்கும்?"

"என் இன்னொரு கெணத்துலருந்து வாய்க்கால்ல வுடறேன்மா" என்றார் சுந்தரம். தயவாகத்தான் சொன்னார். அந்த அம்மாவுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை.

"வுடு. ஆனா ஊருல போயி ஒத்தாசை பண்ணேன்னு சொல்லிக்காத. நீ குடிச்சதுல பாதியத் திருப்பிக் குடுக்கறே, அவ்ளோதான்."

சுந்தரம் சொல்லச் சொல்ல ஒரு தாளில் ஒன்பது மோட்டாரையும் எழுதி மூன்றாகப் பிரித்தேன். லைன் கடைசியில் இருக்கிறவர்களுக்கு முதல் இரண்டு மணி நேரம் என்றேன். சுந்தரம் அதற்கும் ஒரு கால் மணி நேரம் சண்டை போட்டுவிட்டுத்தான் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். அந்த அம்மாவும் அதே டெம்போவில் ஊருக்குத் திரும்பினார், முன் சீட்டில். சுந்தரம் பின்னால் நின்றுகொண்டு போனார்.

முதலாளி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைப் படித்தது வரைக்கும். அவர் ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள், "இனிமே யாராவது கூட்டிக் கட்டச் சொல்லி வந்தா நீயே பதில் சொல்லு. என்னைக் கூப்பிடாதே" என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் போகவில்லை. நான் கூட்டிக் கட்டிய ஆறும் ஒவ்வொன்றாக எங்கள் கடைக்கே வந்து, கம்பெனிக் கணக்குப்படி திரும்பக் கட்டி முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கோவிந்தன் கடைசியாக வந்தார். வந்ததும், "எனக்கெல்லாம் அஞ்சு போதும்பா" என்றார்.

சேகர், உன்னிடம் ஒருத்தர் வந்து 'கூட்டிக் கட்டு' என்றால், 'முடியாது' என்று மட்டும் சொல்லி அனுப்பாதே. உங்கள் லைனின் கடைசியில் யார் இருக்கிறார் என்று கேள். அவருக்கே தெரியாமல் இருந்தால், போய்த் தெரிந்துகொண்டு வரச் சொல். கலா, நீ ஒவ்வொரு மோட்டாராக அளக்கிறாய். நல்லது. அளந்ததை ஒரே டிரான்ஸ்பார்மர்க்காரர்கள் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சத்தமாகப் படி. தனித்தனியாகச் சொன்னால் ஒவ்வொருத்தரும் தலையாட்டுவார்கள், மறுநாள் கடைக்கு வருவார்கள்.

இத்தோடு முடித்திருந்தால் உங்கள் அப்பா கெட்டிக்காரன் என்று கதை முடிந்திருக்கும்.

அறுவடை முடிந்து தனபாக்கியம் ஒரு நாள் வந்தார். மோட்டார் இல்லை, கை வீசிக்கொண்டு வந்தார். மயிலாப்பூர் கோயிலுக்கு வந்தாராம், அப்படியே எட்டிப் பார்த்தாராம். மோட்டார் நன்றாக ஓடுகிறது, நாலு பேர் இன்னும் முறைப்படி நிறுத்துவதில்லை, அதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார்.

"வெள்ளாமை எப்படிக்கா?"

"மேல் வயலு தேறிச்சு. கீழ் வயலு முக்காவாசி பதரு. சுந்தரம் தண்ணி வுட்டாரு. அதுக்கு முன்னாடியே ஆயிப்போச்சு."

வெளியே ஒரு பஸ் டிப்போவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அது போகும் வரை காத்திருந்து சொன்னேன்.

"என்னாலதான்க்கா."

"ஆமா" என்றார்.

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "அடுத்த பட்டத்துக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பட்டத்தில், கதிர் பால் பிடிக்கிற நேரமாகப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருப்போரூர் பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் சொல்லவில்லை. உங்கள் அம்மாவிடம் பேரிங் வாங்கப் போவதாகச் சொன்னேன். ஊருக்குப் போய் வரப்பு மேலேயே நடந்து, லைன் கடைசிக் கிணற்றுக்குப் போனேன். அந்த அம்மா தூரத்தில் கீழ் வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து அதன் உடம்பில் உள்ளங்கையை வைத்து எண்ண ஆரம்பித்தேன். பத்து வரைக்கும் கை அந்தச் சூட்டைத் தாங்கினால் வோல்டேஜ் விழவில்லை, உள்ளே கம்பி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பத்து வந்தது. கையை எடுக்காமல் முப்பது வரைக்கும் எண்ணிவிட்டு, வந்த வழியே பஸ்ஸுக்கு நடந்தேன்.